அவள் எண்ணுக்கு என் குரல்

ஆகஸ்ட் 5, திங்கள்

இந்தப் பல்கலைக்கழகத்தில் என்னை ஒருவருக்கும் தெரியாது என்பது இன்று உறுதியாயிற்று. நிதிக் கணக்கியல் எடுக்கும் சார் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "எந்த டிபார்ட்மெண்ட்மா நீ? இங்க என்ன வேலை?" என்றார். அவருடைய வகுப்பு முடிந்துதான் இறங்கிக்கொண்டிருந்தேன். அப்படியே சொன்னேன். "ஓ, நம்ம பிள்ளையா" என்று சொல்லிவிட்டுப் போனார். நாளைக்கும் கேட்பார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எம்.காம். முதலாண்டில் இரண்டு பிரிவையும் ஒரே கூடத்தில் அடைத்திருக்கிறார்கள். முன்னால் அவர் மைக்கில் பேசுவார், பின்வரிசையில் எங்களுக்கு மின்விசிறிச் சத்தம்தான் பாடம். திண்டுக்கல்லில் நான் படித்த கல்லூரியில் சிஸ்டருக்கு எங்கள் வீட்டு நாயின் பெயர்வரை தெரியும். இங்கே நான் ஜெசிந்தா இல்லை, அறுபத்தாறு. சேர்ந்த வரிசைப்படி எனக்கு அடுத்தவள் தில்லைநாயகி, அறுபத்தேழு. விடுதியிலும் அதே வரிசையில் ஒரே அறையைக் கொடுத்துவிட்டார்கள்.

தில்லைக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். அப்பா இல்லை. அம்மா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். பெரிய பேச்சுக்காரி இல்லை. குரல் மட்டும் எப்போதும் ஜலதோஷம் பிடித்தது போலக் கரகரவென்று இருக்கும். பேசுவதற்கு முன்னால் ஒரு தரம் செருமிக்கொள்வாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

எழுபத்தைந்து சதவீதம் வருகை இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. காய்ச்சலில் கிடந்தாலும் கிடையாது, வீட்டில் யார் செத்தாலும் கிடையாது. ஆனால் ஆள் இருக்கிறதா என்று யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சார் குனிந்த தலையோடு எண்களைப் படித்துக்கொண்டே போவார். குரல் வந்தால் போதும்.

நான் சின்ன வயதிலிருந்தே யாரைப் போலவும் பேசுவேன். பங்குச் சாமியாரைப் போலப் பேசிக்காட்டி அடிவாங்கியிருக்கிறேன். இன்று தில்லை வரவில்லை. என் குரலில் "எஸ் சார்" சொன்ன கையோடு, ஒரு செருமல் செருமி, அவள் குரலில் "பிரசன்ட் சார்" என்றேன். பின்வரிசை முழுக்க அடக்கமுடியாமல் சிரித்தது. சாயங்காலம் அவளிடம் செய்துகாட்டினேன். அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"நானே பேசுற மாதிரி இருக்குடி. பயமா இருக்கு" என்றாள்.

விடுதியில் இதற்கெல்லாம் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. தோழிக்காகக் குரல் கொடு, சாயங்காலக் கையெழுத்தைப் போடு, வீட்டிலிருந்து ஃபோன் வந்தால் குளிக்கிறாள், சாப்பிடுகிறாள் என்று ஏதாவது சொல். எங்கே போனாய் என்று மட்டும் கேட்காதே. கேட்டால் அடுத்த முறை உன்னைக் காப்பாற்ற ஆள் இருக்காது. முதலில் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. இவ்வளவு பெரிய இடத்தில் எனக்காகவும் ஒருத்தி வாய் திறக்கிறாளே என்று நினைத்ததும் பிடித்துப்போயிற்று.

ஆகஸ்ட் 19, திங்கள்

தில்லை நேற்று சாயங்காலம்தான் வந்தாள். வீட்டுக்குப் போவதாக எழுதிக்கொடுத்துவிட்டுப் போனவள் கூந்தலில் கசங்கிய மல்லிகை, உதட்டில் அழித்தும் அழியாத சாயம், உடம்பெல்லாம் சந்தன வாசனை. வந்ததும் மெஸ்ஸில் வெந்நீர் கேட்டு வாங்கி, கால் இரண்டையும் வாளிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கணுக்கால் வீங்கியிருந்தது.

"எவ்வளவு தூரம்டி நடக்க வச்சான்?" என்றேன்.

"யாரு?"

"எகனாமிக்ஸ் நவநீதன்தானே? அன்னிக்கு கேன்டீன்ல அவன் சிரிச்சான், நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. நான் பாக்கலைன்னு நெனச்சியா?"

அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. பிறகு, "ஒனக்கு எப்பவும் இந்த நெனப்புதான்" என்று சொல்லிவிட்டுக் காலைத் துடைத்தாள். இல்லை என்று சொல்லவில்லை. பக்கத்து அறைப் பெண்களிடம் போய்ச் சொன்னேன். இன்றைக்குள் மாடி முழுக்கப் பரவி, அவளுக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. குழாயடியில் வழி விடுகிறார்கள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

மழை. குழாயில் தண்ணீர் இல்லை, கூரையில் இருக்கிறது. என்னுடைய அசைன்மென்ட்டையும் சேர்த்து தில்லையே எழுதினாள். போன மாதத் தேர்வில் அவள்தான் முதல், அது அந்தச் சாருக்கே தெரியாது. நெட் தேர்வு எழுதி வாத்தியாராகிவிடப் போகிறாளாம். "நான் கிளாஸ் எடுத்தா ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பாத்துதான்டி அட்டெண்டன்ஸ் எடுப்பேன்" என்றாள். அப்படி ஒருத்தி வந்தால் எங்கள் பிழைப்பு என்ன ஆகும் என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

தில்லை மறுபடி புறப்பட்டுவிட்டாள். "ஞாயித்துக்கெழம பொழுது சாய வந்துருவேன். லேட்டாச்சுன்னா திங்கக்கெழம மட்டும் பாத்துக்க" என்றாள். பையைத் தூக்கிப் பார்த்தேன், இரண்டு நோட்டு, ஒரு சுடிதார். காதலனைப் பார்க்கப் போகிறவள் கொண்டுபோகிற பையா இது? வாசல்வரை போனவள் திரும்பி வந்து, என்னிடமிருந்து சேஃப்டி பின் வாங்கிக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

வரவில்லை. கைபேசி அணைந்திருக்கிறது. மழையோ, பஸ்ஸோ, காதலோ, ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவள் கையெழுத்து என் கையெழுத்தைவிட எனக்கு நன்றாக வருகிறது.

செப்டம்பர் 2, திங்கள்

நான்கு வகுப்பிலும் குரல் கொடுத்தேன். பிசகவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

தில்லையின் அம்மா என் எண்ணுக்குக் கூப்பிட்டார். அவளுக்கு ரீசார்ஜ் தீர்ந்தால் என்னுடையதிலிருந்துதான் பேசுவாள், அதனால் எண் தெரியும்.

"செசிந்தாவா? நல்லாருக்கியா பாப்பா? அது ஃபோனு ரெண்டு நாளா போவலியே."

"சார்ஜர் ரிப்பேர்மா. அவ மெஸ்ல சாப்பிட்டுட்டு இருக்கா. வந்ததும் சொல்றேன்."

"சாப்புடுதா? அப்ப சரி. சாப்புடட்டும், கூப்புடாத."

தில்லைமேல் ஆத்திரமாக வந்தது. சுகம் அவளுக்கு, பொய் எனக்கு. வரட்டும், வைத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 4, புதன்

அவளுடைய அம்மா சாயங்காலம் மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை ஒரு வார்த்தையாவது அவள் பேசினால்தான் வைப்பேன் என்றார். தொண்டை கட்டியிருக்கிறது என்று ஆனதும், மிளகுப்பால் குடிக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். சமாளித்தாயிற்று. பக்கத்து அறைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மெஸ்ஸில் சப்பாத்தி, வழக்கம்போலத் தோல். நாளைக்குத் தேர்வு, இன்னும் இரண்டு யூனிட் படிக்க வேண்டும்.

செப்டம்பர் 5, வியாழன்

தேர்வுக்குக் குரல் கொடுக்க முடியாது. என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. அதன்மேல் அவளுக்கான விடைத்தாளை வைத்துவிட்டுப் போனார்கள். மின்விசிறிக் காற்றில் அது கீழே விழுந்தது, நான் எடுத்து வைத்தேன், மறுபடி விழுந்தது. தில்லை தேர்வை விடுகிறவள் இல்லை. எந்தக் காதலுக்காகவும் விடமாட்டாள். முதல் கேள்வியைக்கூட என்னால் ஒழுங்காக எழுத முடியவில்லை.

வெளியே வந்ததும் பொருளாதாரத் துறைக்குப் போய் நவநீதனைப் பிடித்தேன். "தில்லை எங்க?" என்று கேட்டேன். அவன் விழித்தான்.

"எந்தத் தில்லை?"

உயரம், குரல், கேன்டீன் எல்லாம் சொன்ன பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. "அவங்களா? பேரு தெரியாதுங்க. எங்க அக்கா கல்யாணத்துல வாசல்ல நின்னு பன்னீர் தெளிச்சாங்க. கேட்டரிங் ஆளுங்க இதுக்குன்னு அஞ்சாறு பொண்ணுங்களக் கூட்டிட்டு வருவாங்க, எல்லாருக்கும் ஒரே மெரூன் பட்டு, கவரிங் நகை. பந்தியில தண்ணியும் ஊத்துனாங்க. நான் நம்ம யுனிவர்சிட்டியான்னு கேட்டேன். அதுக்கப்புறம் என்னப் பாத்தா முகத்தத் திருப்பிப்பாங்க."

அதாவது ஒரு நாள் முழுக்க நின்ற கால் அது. இலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் என்று தெரிவதைவிடக் காதலன் இருக்கிறான் என்று நாங்கள் நினைப்பது மேல் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நாங்கள் வழி விட்டது அந்தக் காதலனுக்குத்தானே.

வார்டன் அறைக்கதவுவரை போனேன். சொன்னால் அவளுக்கும் எனக்கும் ஹால் டிக்கெட் போய்விடும். ஒருவேளை இன்று ராத்திரி வந்துவிடுவாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

காலையில் சொன்னேன். வார்டன் மேடம் வருகைப்பதிவைப் புரட்டிவிட்டு, "நேத்து சாயங்காலம் கையெழுத்துப் போட்டிருக்காளே" என்றார். துறைக்கு ஃபோன் செய்தார். புதன்கிழமை கடைசி வகுப்புவரை வந்திருக்கிறாள் என்று அங்கேயும் சொன்னார்கள். "பரீட்சைக்குப் பயந்து நேத்து எங்கயோ போயிருப்பா. நீ எதுக்கு அழற?" என்றார். அதன்பிறகு எல்லாம் நான்தான் என்று சொன்னேன். வகுப்பில் குரல், இங்கே கையெழுத்து. செய்தும் காட்டச் சொன்னார், ஒரு முறை "பிரசன்ட் சார்" சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

மத்தியானம் போலீஸ் வந்தது. பெண் சப்-இன்ஸ்பெக்டர், கத்தாமல் பேசுகிறவர். சாயங்காலம் தில்லையின் அம்மா வந்து சேர்ந்தார். சமையலறையிலிருந்து அப்படியே கிளம்பியிருக்கிறார், புடவையில் மஞ்சள் கறை. கடைசியாக எப்போது பேசினீர்கள் என்று அவரைக் கேட்டார்கள்.

"புதங்கெழம சாயந்தரம் பேசுனாளே. தொண்ட கட்டிருக்குன்னா. மெளகுப்பால் குடின்னேன்."

சப்-இன்ஸ்பெக்டருக்கு மூச்சு வந்த மாதிரி இருந்தது. "அப்ப புதன்கிழமை வரைக்கும் நல்லாதான் இருந்திருக்கா. ரெண்டு நாள்தான். தேடிடலாம்மா." கூட வந்த போலீஸ்காரர், ஞாயிற்றுக்கிழமை பைபாஸில் அடிபட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு வந்த ஒரு பெண், பெயர் தெரியாமலே இறந்துபோய் மார்ச்சுவரியில் இருப்பதாகச் சொன்னார்.

"அது ஞாயித்துக்கிழமை கேஸ்யா. பட்டுப்புடவை, பூ, நகை, இருபத்தெட்டு வயசு போட்டிருக்கு. காலேஜ் பொண்ணு இல்ல. அதுவும் புதன்கிழமை பேசியிருக்கா இல்ல?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

என்னைக் கேட்டார்கள். நான் கடைசியாகப் பேசியது போன வெள்ளிக்கிழமை என்றேன். அது உண்மை. கல்யாண வேலையைப் பற்றியும் நான் எதுவும் சொல்லவில்லை. பெற்ற தாய் முன்னால் அவள் மறைத்ததைப் போட்டு உடைக்க வேண்டாம் என்றுதான். எனக்குத் தலை வலித்தது.

தில்லையின் அம்மாவை எங்கள் அறையிலேயே தங்கவைத்திருக்கிறார்கள். தில்லையின் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு என்னைச் சாப்பிடச் சொல்கிறார்.

செப்டம்பர் 7, சனி

வார்டனிடம் மெரூன் பட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். நாளைக் காலையில் அம்மாவை அழைத்துப்போய் ஒரு முறை காட்டிவிடலாம், இல்லை என்று ஆனால் நிம்மதிதானே என்றாராம்.

சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. நேற்று வாய்வரை வந்தது, இன்று காலையும் வந்தது. வார்டன் அறையில் இருந்த நேரம் முழுவதும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்து எனக்கும் திருநீறு பூசினார். நான் வேதக்காரப் பெண் என்பது நினைவு வந்து, துடைக்கப்போனார். இருக்கட்டும்மா என்றேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

பெரியாஸ்பத்திரி என்பது எங்கள் பல்கலைக்கழகப் பேருந்து தினமும் நின்று போகிற இடம். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அதன் வாசலில் இறங்கி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அம்மாவும் வார்டனும் மார்ச்சுவரிக்குள் போனார்கள். நான் வராந்தாவில் நின்றேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் ஒருவரை சப்-இன்ஸ்பெக்டர் விசாரித்துக்கொண்டிருந்தார். "ரோடு கிராஸ் பண்றப்ப லாரி அடிச்சிருக்கு மேடம். பை, ஃபோன் ஒண்ணும் வரல. மொத ரெண்டு நாள் கண்ணத் தொறந்து பாத்துட்டுதான் இருந்துச்சு. பேரு கேட்டா வாய் அசையும், சத்தம் வராது. யாராச்சும் தேடி வருவாங்கன்னு பாத்தோம். புதன்கிழமை விடியக்காலம் போயிருச்சு."

எப்படியும் பிழைப்பது கஷ்டம்தான் என்று டாக்டர் சொன்னதாக, வெளியே வந்த வார்டன் என்னிடம் சொன்னார். அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. திங்கட்கிழமை காலையில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். அறுபத்தேழு வரவில்லை என்று ஒரு கோடு விழுந்திருக்கும். யாராவது கேட்டிருப்பார்கள். அவள் கண் திறந்திருக்கும்போதே அவளுடைய அம்மா வந்திருப்பார்.

அம்மா நிமிர்ந்த நடையோடு வெளியே வந்தார். "அது எம் புள்ள இல்லங்க" என்றார்.

"முகம் வீங்கியிருக்கும்மா. கழுத்துல மச்சம் இருக்குன்னீங்களே, அது இருக்கே" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"மச்சம் ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கு. அந்தப் பொடவ எங்க வீட்டுப் பொடவ இல்ல. புதங்கெழம சாயந்தரம் எங்கிட்ட பேசுன புள்ள, அன்னிக்கி விடியறதுக்குள்ள எப்படிங்க செத்துருக்கும்? நீங்களே சொல்லுங்க. யாரு பெத்த புள்ளையோ, பாவம். நீங்க எம் புள்ளயத் தேடுங்க."

பிறகு என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நீதான் ஃபோனக் குடுத்த. சொல்லு பாப்பா, இவங்ககிட்ட."

இப்போதும் சொல்லாமல் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். சொல்லாவிட்டால் தில்லை எங்கேயோ உயிரோடு இருப்பாள். இந்த அம்மா வீட்டுக்குப் போய் அடுத்த ஃபோனுக்காகக் காத்திருப்பார். உள்ளே கிடப்பவளை யாருமில்லாதவள் என்று கொண்டுபோய்ப் புதைத்துவிடுவார்கள். எண்கூட இல்லாமல்.

"அன்னிக்குப் பேசுனது நான்மா" என்றேன்.

"என்ன சொல்ற?"

"தில்லை பேசல. நான் அவ மாதிரி பேசுனேன்."

அம்மா சிரித்தார். பயந்துபோய் உளறுகிறேன் என்று நினைத்திருக்கிறார். "போ பாப்பா. எம் மவ கொரலு எனக்குத் தெரியாதா?"

சப்-இன்ஸ்பெக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்டனுக்கு விஷயம் புரிந்துவிட்டது, வேண்டாம் என்பது போலத் தலையை அசைத்தார். வேறு எப்படி நிரூபிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு செருமினேன்.

"அம்மா, தொண்ட கட்டிருக்கும்மா. நாளைக்குப் பேசுறேன்."

என் கையைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றார்.

சொன்னேன். அழுகையில் குரல் உடைந்ததால், முதல் முறையைவிட அவளுடையது போலவே வந்தது. அம்மா கண்ணை மூடிக் கேட்டார்.

பிறகு என் கையை விட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் மறுபடி உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது. "தில்ல" என்று அவர் கூப்பிடுவது வெளியே கேட்டது. நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.